தோட்டாவில் மருந்தைக் குறைத்தால் துப்பாக்கியின் உதை குறையும். ஆனால் எந்த மருந்தை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் இருக்கிறீர்கள். 13 வயது மகளுக்கு மான் வேட்டைக்கு உங்களோடு வர ஆசை. வீட்டில் இருப்பது ஒரு .308 வின்செஸ்டர் ரைஃபிள். பயிற்சித் திடலில் இரண்டு முறை சுட்டவள் மூன்றாவது முறை துப்பாக்கியைத் தொடவே மறுத்துவிட்டாள். தோட்டாவில் பாதி வெடிமருந்து போட்டு நிரப்பிக் கொடுத்தால் உதைக்காது என்கிறார் நண்பர். தோட்டா நிரப்பும் கருவிகளையும் வாங்கிவிட்டீர்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மருந்தைக் குறைப்பது பாதுகாப்பானதா, குறைத்த தோட்டா மானை வேதனையில்லாமல் வீழ்த்துமா, மகளின் பயம் அதனால் போய்விடுமா? முதல் இரண்டுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதுக்கு அனுபவத்தை மட்டுமே சொல்ல முடியும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு வேண்டிய தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். என் பிள்ளைகளுக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நான் துப்பாக்கிப் பொறியாளன் அல்லன். குழலுக்குள் அழுத்தத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் என்னிடம் இல்லை. அது உள்ளவர்கள் அச்சிட்டுத் தரும் அளவுகளை மீறாமல் நிரப்புகிறவன், அவ்வளவுதான். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நான் எழுதுவது வேட்டை சட்டப்படி நடக்கும் இடத்துக்கு மட்டுமே.

உதை எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டும் எரிந்த மருந்தின் வாயுவும் முன்னால் பாய்கின்றன, துப்பாக்கி பின்னால் வருகிறது. .308 ரைஃபிளில் 150 கிரெயின் குண்டு, அதாவது 9.7 கிராம், வினாடிக்கு ஏறக்குறைய 860 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அதோடு சுமார் 3 கிராம் மருந்து வாயுவாக மாறி இன்னும் வேகமாகப் பாயும். பலரும் இந்த வாயுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. தொலைநோக்கியோடு சேர்த்து 3.4 கிலோ எடையுள்ள ரைஃபிள் இதனால் தோளில் கொண்டுவரும் ஆற்றல் ஏறக்குறைய 22 ஜூல். அதே எடையில் .243 வின்செஸ்டர் என்ற சிறிய தோட்டா என்றால் 13 ஜூல் அளவில் நின்றுவிடும். .30-06 என்ற பெரிய தோட்டாவில் கனமான 180 கிரெயின் குண்டு போட்டால் 30 ஜூலைத் தொடும். பழகிய வளர்ந்த ஆளுக்கே முப்பது ஜூல் இருபது தோட்டாவுக்குள் தோளை நோகச் செய்யும். உங்கள் மகள் பயந்ததில் வியப்பே இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் முதல் பாடத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். குழந்தைக்குக் கனமில்லாத துப்பாக்கிதான் நல்லது என்று 2.7 கிலோ 'யூத்' ரைஃபிளை வாங்குகிறார்கள். அதே .308 தோட்டாவை அதில் போட்டால் 22 ஜூல் 27, 28 ஆகிவிடும். எடை குறைந்தால் உதை கூடும். காட்டில் தூக்கி நடக்க லேசாக இருக்கட்டும். பயிற்சித் திடலில் கனமாக இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்னதில் ஆபத்து இருப்பது இங்கேதான். மருந்து குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலான ரைஃபிள் மருந்துகளுக்கு இது ஓரளவு வரைதான் பொருந்தும். மெதுவாக எரியும் மருந்துகள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை ஏறக்குறைய நிரப்பியிருந்தால்தான், போதிய அழுத்தம் எழுந்தால்தான் சீராக எரியும். அவற்றைப் பாதியாகக் குறைத்தால் கூட்டுக்குள் மருந்து தரையோடு படுத்துக்கிடக்கும். பிரைமரின், அதாவது கூட்டின் அடியில் தீ மூட்டும் சிறு மூடியின், தீப்பொறி அதன் மேலே ஓடிவிடும். விசையை இழுத்த பிறகு ஒரு கணம் ஒன்றும் நடக்காமல் பின்னர் வெடிக்கலாம். குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளலாம். அரிதாக, குறைந்த மருந்து போட்ட தோட்டாவே துப்பாக்கியை உடைத்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. அது எதனால் நடக்கிறது என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குண்டு சற்று நகர்ந்து நின்று அடைப்பாகிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கூட்டின் வெற்றிடத்தில் அழுத்த அலைகள் மோதிக்கொள்கின்றன என்பது இன்னொன்று. காரணத்தில் ஐயம் இருக்கலாம், நடந்ததில் ஐயமில்லை. சில மருந்துகளுக்கு உற்பத்தியாளரே வெளிப்படையாகத் தடை போட்டிருக்கிறார். எச்110, வின்செஸ்டர் 296 இரண்டையும் அச்சிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கவே கூடாது என்பது ஹாஜ்டன் நிறுவனத்தின் எச்சரிக்கை. ஆகவே 'பாதி போடு' என்ற அறிவுரையை எந்த மருந்து என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

குறைக்க ஏற்ற மருந்து ஒன்று இருக்கிறது. எச்4895. இதன் கதை கொஞ்சம் சுவையானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் .30-06 தோட்டாக்களில் போட்ட மருந்து 4895. போர் முடிந்ததும் மிச்சப்பட்ட மருந்தை கேன்சஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாஜ்டன் அரசிடமிருந்து மொத்தமாக வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு விற்கத் தொடங்கினார். இன்றைய நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான். இப்போது எச்4895 என்ற பெயரில் வருவது ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. நடுத்தர ரைஃபிள் மருந்துகளில் விரைவாக எரியும் பக்கத்தைச் சேர்ந்தது. குறைந்த அளவிலும் சீராகத் தீப்பிடிக்கும். சிறுவர்களுக்கும் உதைக்கு அஞ்சுகிறவர்களுக்கும் என்று ஹாஜ்டன் நிறுவனமே ஒரு விதியை வெளியிட்டிருக்கிறது. உங்கள் தோட்டாவுக்கும் குண்டுக்கும் அவர்களுடைய அட்டவணையில் எச்4895க்கு உள்ள உச்ச அளவை எடுத்துக்கொண்டு 0.6ஆல் பெருக்குங்கள். அதுதான் தொடங்கும் அளவு, அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கிருந்து உச்ச அளவு வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

இந்த விதிக்கு வேலிகள் உண்டு. அட்டவணையில் உங்கள் தோட்டாவுக்கு எச்4895 இல்லையென்றால் விதியும் இல்லை. ஐ.எம்.ஆர். 4895 என்று கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு மருந்து இருக்கிறது. 60 சதவீத விதி அதற்கு எழுதப்பட்டதல்ல. டப்பாவில் இருக்கும் எழுத்தை இரண்டு முறை படியுங்கள். கிரெயின் கணக்கில் அளவை நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதிய எண்ணை நம்பி யாரும் தோட்டா நிரப்பக் கூடாது, அந்த ஒருவர் நானாக இருந்தாலும். ஹாஜ்டனின் அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் குண்டின் எடையையும் வகையையும் அதில் தேடி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

குண்டையும் மாற்ற வேண்டும். மருந்தை மட்டும் குறைத்துவிட்டு 165 அல்லது 180 கிரெயின் குண்டையே வைத்திருந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். .308க்கு 125 கிரெயின் வேட்டைக் குண்டுகள் உள்ளன. நான் பயன்படுத்துவது நாஸ்லர் பாலிஸ்டிக் டிப். 60 சதவீத அளவில் என் ரைஃபிளில் அது வினாடிக்கு 2,000 அடியைச் சற்றுத் தாண்டி ஓடுகிறது. தோளில் உதை 8, 9 ஜூல் அளவு. முழுத் தோட்டாவின் பாதிகூட இல்லை. முக்கால் அளவுக்கு ஏற்றினால் 2,400 அடியை ஒட்டி வரும். உதை 11 ஜூல், அதாவது .243ஐவிடவும் சற்றுக் குறைவு. வேகத்தை நான் வேகமானியில் அளந்தேன். ஜூல் கணக்கு காகிதத்தில் போட்டது. உங்கள் குழலின் நீளம் வேறாக இருந்தால் எண்களும் கொஞ்சம் மாறும்.

இனி மானின் பக்கம். இங்கே நான் கண்டிப்பானவன். வேட்டைக் குண்டு உடலுக்குள் விரிந்து காயத்தைப் பெரிதாக்கினால்தான் விலங்கு உடனே விழும். விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். ஈயத்தின்மேல் செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டுகள் பலவற்றுக்கு அது வினாடிக்கு 1,800 அடி அளவு. முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளுக்குப் பெரும்பாலும் இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால் குறைத்த தோட்டாவுக்கு அவை ஏற்றவை அல்ல. 60 சதவீதத் தோட்டா 100 கெஜத்திலேயே அந்த எல்லையை நெருங்கிவிடும். அதற்கு அப்பால் அடித்தால் குண்டு விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போகலாம். மான் ஓடிப்போய் எங்கேயோ புதருக்குள் மெல்ல மெல்லச் சாகும். குழந்தையின் முதல் வேட்டை அப்படி முடியக் கூடாது. ஆகவே நான் செய்வது இதுதான்: பழகுவதற்கு 60 சதவீதம், காட்டுக்கு முக்கால் அளவு. முக்கால் அளவிலும் 125 கெஜத்துக்கு மேல் சுடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வேன். பென்சில்வேனியாவின் மரக்காடுகளில் பெரும்பாலான மான்கள் அதற்குள்தான் தென்படுகின்றன. எலி, அணில் போன்றவற்றுக்கு விற்கப்படும் மெல்லிய உறைக் குண்டுகளைக் குறைந்த விலைக்காக வாங்கிவிடாதீர்கள். அவை தோலை அடுத்தே சிதறிவிடும்.

நிரப்பும் மேசையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாதிக் கூடு மருந்து போடும்போது இரண்டு முறை கொட்டிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. எச்4895 இந்த வகையிலும் நல்ல மருந்து; .308 கூட்டில் 60 சதவீத அளவை இரண்டு முறை கொட்டினால் பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதையும் நம்பியிருக்காமல், ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி, குண்டு பதிக்குமுன் கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒவ்வோர் அளவையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். குறைத்த தோட்டா சுட்ட கூடுகளைத் தனியாக வையுங்கள். பிரைமர் வெடிக்கும் வேகம் கூட்டை முன்னால் தள்ளுகிறது. முழு அழுத்தம் இருந்தால் கூடு விரிந்து பின்சுவரில் மறுபடி வந்து பதியும், குறைந்த அழுத்தத்தில் முன்னாலேயே நின்றுவிடும். சுட்ட கூட்டில் பிரைமர் லேசாகப் பின்னால் துருத்திக்கொண்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அப்படியே பலமுறை நிரப்பினால் கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, பின்னால் போய்விடும். பிறகு அதே கூட்டில் முழு மருந்து போடுவது நல்லதல்ல. என் கூடுகளின் அடியில் பச்சை மையால் குறியிட்டு வைக்கிறேன். பச்சைக் கூட்டில் முழு மருந்து போடுவதில்லை. மருந்து பின்னால் நிற்கப் பஞ்சு அடைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்து சிக்கலே வராதவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்று அழுத்திச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எச்4895க்கு அது தேவைப்படவே இல்லை என்பதால் நான் செய்வதில்லை.

மகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள். விசையை இழுத்தும் சத்தம் வரவில்லை என்றாலோ, வழக்கத்தைவிட மெல்லிய 'பொத்' என்ற சத்தம் வந்தாலோ, துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு நீங்கள் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கிய குண்டின் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுடுவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என் மைத்துனர் மகனுக்கு 12 வயது ஆனபோது, என் .30-06ஐ மேசையில் மணல்மூட்டைமேல் வைத்து அவன் கையில் கொடுத்தேன். தோளில் ஊன்றும் துப்பாக்கிக் கட்டை அவனுக்கு நீளம். அதனால் முகத்தை முன்னால் தள்ளித் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டினான். நான் கவனிக்கவில்லை. முதல் தோட்டாவிலேயே தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். மூன்று ஆண்டுகள் அவன் ரைஃபிள் பக்கமே வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. தோட்டாவைவிடக் கட்டையின் நீளம் பெரிய விஷயம் என்று அன்று கற்றுக்கொண்டேன். பெரியவர்களுக்கான ரைஃபிளில் விசையிலிருந்து கட்டையின் கோடி வரை ஏறக்குறைய 13.5 அங்குலம் இருக்கும். 13 வயதுப் பிள்ளைகள் பலருக்கு 12, 12.5 அங்குலம் போதும். நீளக் கட்டை தோளின் குழியில் பதியாமல் புயத்தில் உட்கார்ந்துவிடும். அங்கே விழும் உதை வலிக்கும், நீலம் பாரிக்கும். உங்கள் ரைஃபிளுக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டை கிடைக்கிறதா என்று தேடுங்கள். மென்மையான ரப்பர்த் தலையணை ஒன்றையும் கோடியில் பொருத்துங்கள்.

இன்னொன்று சத்தம். உதைக்குப் பயம் என்று நாம் நினைப்பதில் பாதி, சத்தத்துக்கான பயம் என்பது என் கணிப்பு. அளந்து சொன்னதல்ல, பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது. ரைஃபிள் வெடி 160 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் போட்டுவிட்டு மறுபடி சுடச் சொன்னபோது, உதை குறைந்துவிட்டது என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. தோட்டாவை நான் மாற்றவே இல்லை. இதே காரணத்துக்காகக் குழல் வாயில் பொருத்தும் மசில் பிரேக்கை நான் பரிந்துரைப்பதில்லை. அது உதையை நன்றாகவே குறைக்கும். ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி விடுவதால் சுடுகிறவளின் காதுக்கும் அருகில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காதுக்கும் கேடு.

பழக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போதைக்கு .308ஐ உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு மாதமாவது .22 ரைஃபிளில் சுடட்டும். அதில் உதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. விசையை மெதுவாக அழுத்துவது கைக்குப் பழகிவிடும். பிறகு 60 சதவீதத் தோட்டா, ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்து மேசையில் சுடும்போது உடல் பின்னால் அசைந்து கொடுக்க இடமில்லாததால் உதை கூடுதலாகத் தெரியும். நின்று, ஒரு முட்டுக்கோலில் சாய்த்துச் சுடச் சொல்லுங்கள். நடுநடுவே அவளுக்குத் தெரியாமல் வெடிக்காத ஒரு போலித் தோட்டாவைப் போடுங்கள். விசை இழுபடும் நொடியில் துப்பாக்கி முனை கீழே குனிந்தால் பயம் இன்னும் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு .22க்குத் திரும்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறாள் என்றால் திட்டாதீர்கள். அது அவள் வேண்டுமென்று செய்வதல்ல.

இத்தனையும் செய்வதற்குப் பதிலாக .243 ஒன்றையே வாங்கிவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கையில் பணம் இருந்தால் அது நல்ல வழிதான். 1955இல் வந்த .243உம் 1980இல் வந்த 7 மி.மீ.-08உம் உங்கள் .308இன் கூட்டையே கழுத்தில் சுருக்கி உருவாக்கியவை. நூறு கிரெயின் குண்டோடு .243 மானுக்குப் போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் நான் 7 மி.மீ.-08ஐ எடுப்பேன், குறைத்த தோட்டாவில் தொடங்கி, அவள் வளர வளர அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். மிதமான 7 மி.மீ. தோட்டாவைப் பலவீனமானது என்று யாராவது சொன்னால் ஜிம் கார்பெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி, 7×57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான். உதையில் 7 மி.மீ.-08க்கு நெருங்கிய உறவு.

சட்டத்தில் இரண்டு வரி. சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்காவில் மத்திய உரிமம் தேவையில்லை. நிரப்பி விற்பதற்கு வேண்டும். பென்சில்வேனியாவில் 12 வயதிலிருந்து சிறார் உரிமம் உண்டு, முதல் உரிமத்துக்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மகளோடு நீங்களும் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். அப்பா சொன்னதையே வேறொருவர் சொல்லும்போது பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாக, பலர் மறந்துவிடுவது. குறைத்த தோட்டா முழுத் தோட்டா அடிக்கும் இடத்தில் அடிக்காது. 100 கெஜத்தில் சில அங்குலம் கீழேயும், சில சமயம் பக்கவாட்டிலும் விலகிப் போகும். காட்டுக்குக் கொண்டுபோகும் அதே முக்கால் அளவுத் தோட்டாவைக் கொண்டு தொலைநோக்கியைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். பெட்டியின்மேல் மருந்தின் பெயர், அளவு, குண்டு, நாள் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை விடியற்காலை வேட்டைக்குக் கிளம்பும்போது உங்கள் முழுத் தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 125 கெஜத்தில் ஒரு மரத்தை நீங்களும் அவளும் சேர்ந்து அடையாளம் பார்த்து வையுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும், அன்று அது உங்கள் இருவருக்கும் பார்ப்பதற்கு மட்டும்.